காலனியைப் பார்த்த ரேடியோக் குழாய்

எங்கள் ஊர் ரேடியோவை ஏலத்தில் விட்டார்கள் என்று சொன்னால் இப்போது யாரும் நம்புவதில்லை. ஏரி மீனையும் ரோட்டோரத்துப் புளியமரங்களையும் வருஷத்துக்கு ஒருமுறை பஞ்சாயத்து ஏலம் விடும். அந்த வருஷம் அவற்றோடு ரேடியோவையும் சேர்த்துவிட்டார்கள். தண்டோரா போட்டவர் எங்கள் காலனிக்காரர்தான். ஊர் முழுக்க அடித்து முடித்துவிட்டு, கடைசியில் எங்கள் பக்கம் வந்து, "ஏரி மீனு, புளியமரம், ரேடியோ, மூணும் குத்தகைக்கு வுடறாங்கோ" என்று ஒரே மூச்சில் சொன்னார். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. புளியை உலுக்குகிற மாதிரி ரேடியோவையும் உலுக்கி எடுப்பார்களா என்று என் அப்பாவைக் கேட்டேன். அப்பாவை நாங்கள் நைனா என்று கூப்பிடுவோம். நைனா சிரிக்கவில்லை.

"ஏலத்துல எடுக்கறவன் அவனுக்கு வேண்டியத்த தான வெப்பான்?" என்றார். "நமக்கு வேண்டியத்த எதுக்கு வெக்கப் போறான்?"

சீனாக்காரன் சண்டை முடிந்திருந்த சமயம் அது. உத்திரமேரூரிலிருந்து மாகறல் பக்கம் போகிற ரோட்டை ஒட்டி எங்கள் ஊர். ஊர் என்று நான் சொல்வது கடைத்தெருவும், கோயிலும், ஓட்டு வீடுகளும் உள்ள பகுதி. வாய்க்காலுக்கு இந்தப் பக்கம் நாங்கள். ஊரில் எங்கள் பகுதியைச் சேரி என்பார்கள், நாங்கள் காலனி என்போம். மிஷன்காரர்கள் அங்கே ஒரே அறையில் ஒரு பள்ளிக்கூடம் வைத்திருந்தார்கள். காஞ்சிபுரத்தில் டிரெயினிங் முடித்து வந்து நான் அதில் டீச்சராக இருந்தேன். நைனா ஊரில் ஒரு பண்ணைக்காரரிடம் படிநெல் கூலிக்கு வேலை செய்கிற படியாளாக இருந்தார். அவருடைய அப்பாவும் அதே பண்ணையில்தான் மாடு ஓட்டியிருந்தார்.

எனக்கு எப்போதும் ஒரு பரபரப்பு உண்டு. அடுப்பில் உலை வைத்துவிட்டுச் சும்மா உட்காரத் தெரியாது. வாசலுக்குப் போவேன், வருவேன், மூடியைத் திறந்து பார்ப்பேன். "சக்கரத்த கால்ல கட்டிக்கினு பொறந்தவ" என்று அம்மா திட்டுவாள். நைனா அப்படி இல்லை. சாயந்திரமானால் அவர் போகிற இடம் ஒன்றே ஒன்று. வாய்க்கால் மதகு. ரேடியோ கேட்க.

பஞ்சாயத்து ரேடியோ கவர்மெண்டு கொடுத்தது. பஞ்சாயத்து ஆபீசில் ஒரு மரப்பெட்டிக்குள் பூட்டி வைத்திருந்தார்கள். மொட்டை மாடியில் ஒரு ஒலிபெருக்கி. அதைக் குழாய் என்றுதான் எல்லோரும் சொல்வோம். குழாயின் வாய் கடைத்தெருவைப் பார்த்திருந்தது, எங்களுக்கு அதன் முதுகுதான் தெரியும். விளக்கு வைக்கிற நேரத்தில் பஞ்சாயத்து அட்டெண்டர் வந்து பெட்டியைத் திறந்து ரேடியோவைப் போடுவார். போட்டு அணைப்பதைத் தவிர அந்த ஆபீசில் அவருக்கு வேறு பெரிய வேலை கிடையாது என்பதால் ஊரே அவரை ரேடியோக்காரர் என்று கூப்பிட்டது. ஊர் ஆட்கள் ஆபீசுக்கு முன்னால் மணலில் உட்கார்ந்து கேட்பார்கள். நாங்கள் அங்கே போய் உட்கார முடியாது. போகக் கூடாது என்று யாரும் போர்டு எழுதி வைக்கவில்லை, எழுதி வைக்க வேண்டிய அவசியமே இருந்ததில்லை. ஆகவே நைனாவும் இன்னும் சிலரும் மதகின் மேல் நின்றுகொள்வார்கள். காற்று ஊர்ப் பக்கமிருந்து வீசினால் தெளிவாகக் கேட்கும். எதிர்க்காற்றாக இருந்தால் பாதி வார்த்தை வரும், மீதியை இவர்களே போட்டு நிரப்பிக்கொள்வார்கள்.

சாயந்திரத்தில் மெட்ராஸ் ஸ்டேஷனில் கிராமத்துக்காரர்களுக்கென்று ஒரு நிகழ்ச்சி. ஒருவர் ஒன்றும் தெரியாதவர் மாதிரிக் கேட்பார், இன்னொருவர் எல்லாம் தெரிந்தவர் மாதிரிப் பதில் சொல்வார். நாற்று எப்போது பறிப்பது, தழை உரம் எவ்வளவு போடுவது, மாட்டுக்குக் கோமாரி வந்தால் என்ன செய்வது. அதற்குப் பிறகு செய்தி. நைனாவுக்கு அந்த எல்லாம் தெரிந்தவரோடு ஓயாத சண்டை.

"இவன் என்னைக்கி சேத்துல எறங்கனான்? எறங்கியிருந்தா இப்டி பேசுவானா?" என்று மதகிலிருந்தே கத்துவார். மறுநாள் கழனியில் ரேடியோவில் சொன்னபடியேதான் செய்து பார்ப்பார். சரியாக வந்தால், "ஏதோ உருப்படியா ஒண்ணு சொல்லிக்கிறான்" என்பார். சொன்னவர் யார், எந்த ஊர் என்று எங்களுக்குத் தெரியாது. ஆனால் எங்கள் வீட்டில் சொந்தக்காரர் ஒருவரைப் பற்றிப் பேசுகிற மாதிரிதான் அவரைப் பற்றிப் பேச்சு நடக்கும்.

அந்த ரேடியோவைச் சுற்றி ஊரில் ஒரு வழக்கம் உண்டாகியிருந்தது. ஊரில் சாவு விழுந்தால் ரேடியோவை நிறுத்திவிடுவார்கள். பிணம் எடுத்து முடிகிற வரைக்கும் போடமாட்டார்கள். யாரும் சட்டம் போட்டு வந்ததில்லை, தானாக வந்தது. வழக்கமான நேரத்துக்குக் குழாய் பேசவில்லையென்றால் கடைத்தெருவில் கடைக்காரர்கள் வெளியே வந்து, "யாரு? யாரு போனது?" என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொள்வார்கள். பதில் வாய்க்கு வாய் பரவிவிடும். அப்புறம் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு துக்கத்துக்குப் புறப்படுவார்கள். சாவுச் செய்தி சொல்ல ஆள் அனுப்புவதற்கு முன்பே ரேடியோ நின்றது போய்ச் சொல்லிவிடும். நைனாவும் அன்று மதகிலிருந்து சீக்கிரம் திரும்பி வருவார். "ஊர்ல யாரோ பூட்டாங்க. ரேடியோ பேசல" என்பார்.

இதில் ஒரு கூத்தும் நடந்தது. அப்போது ஊருக்குக் கரண்ட் வந்திருக்கவில்லை, ரேடியோ பாட்டரியில் ஓடியது. பாட்டரி மாற்றுகிறவர் வேன் எடுத்துக்கொண்டு எப்போதாவது வருவார். ஒரு சாயந்திரம் பாட்டரி தீர்ந்து ரேடியோ நின்றுவிட்டது. ரேடியோக்காரர் உத்திரமேரூருக்கு யாரையோ பார்க்கப் போயிருந்தார், காரணம் சொல்ல ஆள் இல்லை. கோயில் தெருவில் ஒரு பெரியவர் நெடுநாளாகப் படுத்த படுக்கையாகக் கிடந்தார். அவராகத்தான் இருக்கும் என்று ஊரே முடிவு கட்டி, ஒருவர் மாலையோடும் நாலைந்து பெண்கள் தலைமயிரை அவிழ்த்துக்கொண்டும் அந்த வீட்டுக்குள் நுழைந்தார்கள். பெரியவர் சாய்ந்து உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். மாலை வாங்கி வந்தவர் அதைக் கோயிலுக்கு என்று சொல்லிச் சமாளித்தார் என்று கேள்வி. பெரியவர் அதற்கப்புறமும் நன்றாகவே இருந்தார், ரேடியோக்காரரைப் பார்க்கிற போதெல்லாம் "எனக்குச் சொல்லாம நிறுத்தாத" என்பாராம்.

காலனியில் சாவு விழுந்தால் ரேடியோ நிற்காது. அது எங்களுக்குக் குறையாகக்கூடப் பட்டதில்லை. குழாய்தான் எங்கள் பக்கமே பார்க்கவில்லையே. எங்களுக்குப் பறை இருந்தது, அழ ஆள் இருந்தது. ஊர் ரேடியோ ஊருக்கு என்று விட்டிருந்தோம்.

ஏலத்தில் எடுத்தது ஒரு டூரிங் டாக்கீஸ்காரர். ஊர் எல்லையில் டெண்டு போட்டிருந்தார். ரேடியோ அவருக்கு எதற்கு? குழாய்தான் வேண்டியிருந்தது. கிராமபோனைக் கொண்டுவந்து அதே குழாயில் மாட்டினார். மண்வெட்டி பிடிக்கிற பேச்செல்லாம் போயிற்று. சாயந்திரமானால் ஒரே சினிமாப் பாட்டு, நடுநடுவே "இன்றே கடைசி, இன்றே கடைசி" என்று ஒரு குரல். அந்தக் கடைசி வருகிற நாளாகவே தெரியவில்லை. நைனா மதகுக்குப் போவதும், கொஞ்ச நேரம் நின்று பார்ப்பதும், திட்டிக்கொண்டு திரும்புவதுமாக இருந்தார். டாக்கீஸ்காரரும் குத்தகைக் காலம் முடிந்ததும் டெண்டைச் சுருட்டிக்கொண்டு செய்யாற்றுக்கு அந்தப் பக்கம் போய்விட்டார். ரேடியோ மரப்பெட்டிக்குள் தூசி பிடித்துக் கிடந்தது. போட்டால் கரகரவென்று இரையும், அவ்வளவுதான்.

பிறகு ரைஸ் மில் முதலாளி வந்தார். ஊருக்குக் கரண்ட் வந்ததும் முதலில் மில் வைத்தவர் அவர். அதே மில்லை ஒட்டி உரக்கடை, பக்கத்தில் மளிகைக் கடை. குத்தகையெல்லாம் வேண்டாம் என்று பஞ்சாயத்தில் பேசி, பழைய ரேடியோவையும் குழாயையும் மொத்தமாகவே வாங்கிக்கொண்டார். புதிதாக ஒரு பெரிய ரேடியோ, ஆம்பிளிஃபயர், மைக். மில் மாடிக்கு எல்லாம் இடம் மாறிற்று. பஞ்சாயத்தில் சும்மா இருந்த ரேடியோக்காரரையும் சம்பளத்துக்கு வைத்துக்கொண்டார். ஊர் ரேடியோ என்ற பேரும், ஊரில் சாவு விழுந்தால் நிறுத்துகிற வழக்கமும் மட்டும் மாறவில்லை. விடிந்தால் பக்திப் பாட்டு, அப்புறம் சிலோன் ரேடியோ, மத்தியானம் சிலோன், சாயந்திரமும் சிலோன். ஒவ்வொரு பாட்டுக்கும் நடுவில் ரேடியோக்காரர் மைக்கைப் பிடித்து, மில் கடையில் என்ன சோப்பு வந்திருக்கிறது, எந்தத் தேயிலை நுரை கட்டும், எந்த உரம் போட்டால் பயிர் ஆளுயரம் வளரும் என்று சொல்வார். பாவம், அவருக்கு அந்த வேலை பிடிக்கவில்லை. எதைச் சொன்னாலும் கோர்ட்டில் சாட்சி சொல்கிற குரலிலேயே சொல்வார்.

முதலாளிக்குக் கணக்குத் தெரியும். சோப்பும் தேயிலையும் பீடியும் காலனிக்காரர்களும்தான் வாங்குகிறோம். ஒருநாள் பார்த்தால் மில் மாடியில் இரண்டாவதாக ஒரு குழாய். அதன் வாய் நேராக எங்களைப் பார்த்திருந்தது.

காலனியில் அன்று ஒரே கொண்டாட்டம். சின்னப் பிள்ளைகள் மதகின் மேல் ஏறிக் குதித்தார்கள். நம்ம பக்கமும் திருப்பிவிட்டான் என்று பெரியவர்களே வாயைப் பிளந்தார்கள். எனக்கும் மனசுக்குள் ஒரு சந்தோஷம் இருந்தது. அது வெகு சீக்கிரம் போய்விட்டது. பள்ளிக்கூடத்தில் நான் "அணில், ஆடு" என்று தொடங்கினால், குழாய் "நுரை பொங்கும்" என்னும். பிள்ளைகள் குழாயோடு சேர்ந்து பாடுவார்கள். கரும்பலகையில் எழுதிவிட்டுத் திரும்பினால் எல்லார் வாயும் சோப்பு விளம்பரத்துக்கு அசைந்துகொண்டிருக்கும். குச்சியை மேஜையில் அடித்து அடித்து என் கைதான் வலித்தது. வீட்டுக்கு வந்தாலும் அதே குழாய். சோறு தின்னும்போது அதே குழாய். ஒரு நிமிஷம் யோசிக்க விடாத குழாய். எனக்கு இருக்கிற பரபரப்பு போதாதென்று அது வேறு நெஞ்சுக்குள் புகுந்துகொண்டு குதித்தது.

நைனா மதகுக்குப் போவதையே விட்டுவிட்டார். வீட்டு வாசலிலேயே கேட்கிற ரேடியோவுக்கு மதகு எதற்கு?

"இப்ப நல்லா கேக்குது நைனா. ஆனா ஒண்ணும் சொல்ல மாட்டேங்கறான்" என்றேன்.

"அந்த வெவசாயி இன்னா ஆனானோ" என்றார். அந்தக் கிராமத்து நிகழ்ச்சிக்காரரைத்தான் சொன்னார். மெட்ராஸ் ஸ்டேஷனில் அவர் பாட்டுக்குப் பேசிக்கொண்டுதான் இருந்திருப்பார். எங்கள் ஊருக்குத்தான் அவர் இல்லாமல் போனார்.

அந்த ஐப்பசியில் மழை விடாமல் பெய்தது. பண்ணைக்காரரின் கழனியில் மடை உடைத்துக்கொண்டு, நைனா அதில் இறங்கி நாளெல்லாம் நின்று கட்டினார். அன்று வந்த குளிர்காய்ச்சல் விடவேயில்லை. நெஞ்சில் சளி கட்டிக்கொண்டது. உத்திரமேரூர் ஆஸ்பத்திரிக்கு வண்டி கட்டிக் கூட்டிப் போனோம், மருந்து கொடுத்தார்கள், திருப்பிக் கூட்டி வந்தோம். கொஞ்சம் தேறுகிற மாதிரி இருந்து ஒரு காலையில் போய்விட்டார். மழை விட்டு நல்ல வெயில் அடித்துக்கொண்டிருந்தது. குழாயில் யாரோ ஒரு பெண் கல்யாணப் பாட்டுப் பாடிக்கொண்டிருந்தாள்.

வழக்கப்படி முதலில் பண்ணை வீட்டுக்கு ஆள் போயிற்று. கொல்லைப்புறமாகப் போய்ச் சொல்ல வேண்டும், சொன்னார்கள். பண்ணைக்காரர் ஒரு புது வேட்டியும் கொஞ்சம் அரிசியும் கொடுத்தனுப்பினார். நேரில் வருகிற வழக்கம் இல்லை. என் அம்மா அந்த வேட்டியை வாங்கி நைனாவின் கால்மாட்டில் வைத்தாள். ஜனங்கள் வந்தார்கள். பறை அடிக்க ஆட்கள் வந்தார்கள். சாயந்திரத்துக்குள் எடுத்துவிடலாம் என்று பேசிக்கொண்டார்கள்.

அம்மா ஒப்பாரி சொல்லி அழ ஆரம்பித்தாள். எங்கள் பக்கம் ஒப்பாரியில் செத்தவரோடு பேசுவார்கள். நீ போட்ட கலப்பை அங்கே கிடக்கிறது, நீ கட்டிய மாடு தொழுவத்தில் நிற்கிறது என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக் கேட்பார்கள். அவள் ஒரு அடி சொல்லி நிறுத்துவாள், அந்த இடைவெளியில் குழாய், "மில் கடையில் புதிய சரக்கு" என்னும். அவள் மறுபடி எடுப்பாள், குழாயில் பாட்டு எடுக்கும். சின்னப் பிள்ளை ஒன்று, இழவு வீடு என்று தெரியாமல், அந்தப் பாட்டுக்குத் தலையை ஆட்டியது. அம்மா அழுகையை நிறுத்திவிட்டு, முந்தானையால் மூக்கைத் துடைத்து, என்னைப் பார்த்தாள்.

"அந்தச் சனியன நிறுத்தச் சொல்லிட்டு வா. என்னிய அழக்கூட வுட மாட்டேங்குது."

நான் எழுந்தேன். அப்போது அவள் இன்னொன்றும் சொன்னாள்.

"ஊர்ல ஒருத்தரு பூட்டா நிறுத்தறாங்க இல்ல. யாருன்னு ஊரே கேக்குது இல்ல. உங்க நைனா மட்டும் இன்னா, யாருமத்தவரா? அவருக்கும் ஒரு வாட்டி கேக்கட்டும்."

வாய்க்காலைத் தாண்டிக் கடைத்தெருவுக்குள் நான் நடந்து போனது எனக்கு இன்றைக்கும் உடம்பில் இருக்கிறது. செருப்புப் போட்டுக்கொள்ளத் தோன்றவில்லை. சத்தத்தை நிறுத்துவது ஒரு காரியமா, கம்பியை அறுத்தால் நின்றுவிடும். அம்மா கடைசியில் சொன்னதுதான் என்னைத் தள்ளிக்கொண்டு போயிற்று. நைனா காலமெல்லாம் அந்த ஊருக்கு நெல் விளைத்துப் போட்டார். ரேடியோ நிற்க வேண்டும், கடைக்காரன் வெளியே வர வேண்டும், யாரு போனது என்று ஒரு தடவை கேட்க வேண்டும். எனக்கு வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

முதலாளி மில் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். நல்ல மனுஷர்தான், சிரித்துப் பேசுகிறவர். என்னைப் பார்த்ததும், "டீச்சரம்மாவா? இன்னா இப்டி வெயில்ல?" என்றார்.

"எங்க நைனா பூட்டாரு முதலாளி. ரேடியோவ நிறுத்தணும். எடுக்கற வரைக்கும்."

"அடடா" என்றார். உண்மையாகவே அவருக்கு வருத்தம் இருந்தது. "படுத்துக்கினு கீறாருன்னு சொன்னாங்க. எப்போ?"

"காலையில."

கொஞ்ச நேரம் தாடையைத் தடவிக்கொண்டிருந்தார். "இன்னைக்கி சந்த நாள் வேற. சுத்துப்பட்டு ஜனமெல்லாம் வந்துகீது. ஒண்ணு செய்றேன். உங்க பக்கம் பாத்த கொயா ஒண்ணு கீது இல்ல, அத்த நிறுத்திடச் சொல்றேன். உங்களுக்குத் தொந்தரவு இருக்காது. நிம்மதியா காரியத்தப் பாருங்க."

"எங்களுக்குத் தெரியும் முதலாளி, எங்க வூட்ல யாரு பூட்டாங்கன்னு. ஊருக்குத்தான் தெரியணும். ஊரப் பாத்த இந்தக் கொயாவ நிறுத்துங்க."

அவர் முகத்தில் சிரிப்பு கொஞ்சம் குறைந்தது. கோபம் இல்லை. நான் என்ன கேட்கிறேன் என்று அவருக்குப் புரியவில்லை என்றே நினைக்கிறேன். புரியாதது எனக்குக் கோபத்தைவிட மோசமாக இருந்தது. கோபப்பட்டிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன்.

"இன்னாம்மா இது, புதுசா. உனக்குச் சத்தம் வாணாம்னா நிறுத்தறேன். ஊருக்கு எதுக்கு நிறுத்தறது?" மாடியைப் பார்த்துக் குரல் கொடுத்தார். "யோவ், காலனி கொயாவ மட்டும் கழட்டி வுடு."

மாடியிலிருந்து ரேடியோக்காரர் எட்டிப் பார்த்தார். என்னைப் பார்த்ததும் அவருக்கு விஷயம் விளங்கிவிட்டது. "ரெண்டும் ஒரே லைனு முதலாளி. ஒண்ண மட்டும் கழட்டணும்னா மொத்தத்தயும் ஆஃப் பண்ணிட்டுத்தான் மேல ஏறணும். கரண்ட் அடிக்கும்."

"பண்ணுய்யா. சட்டுனு கழட்டிட்டு மறுபடி ரேடியோவப் போடு."

ரேடியோ நின்றது.

கடைத்தெருவே காதை அடைத்துக்கொண்ட மாதிரி ஆகிவிட்டது. மில் மிஷின் ஓடுகிற சத்தம் மட்டும். மாடிச் சுவரில் சாத்தியிருந்த ஏணியில் ரேடியோக்காரர் ஏறினார். நான் கீழே நின்று அவரைப் பார்த்தேன். "அண்ணே, மெதுவா" என்றேன். அவ்வளவுதான் சொல்ல முடிந்தது. அவர் ஏணியின் நடுவில் நின்று, இடுப்பிலிருந்து ஸ்குரூ டிரைவரை எடுத்து, அதைத் துணியில் துடைத்தார். மறுபடியும் துடைத்தார். அந்த மனுஷனை நான் இந்த நிமிஷம் வரைக்கும் மறக்கவில்லை.

அதற்குள் கடைகளிலிருந்து ஆட்கள் வெளியே வர ஆரம்பித்துவிட்டார்கள். துணிக்கடைக்காரர் வந்தார். சோடாக் கடையில் குடித்துக்கொண்டிருந்தவர்கள் வந்தார்கள். சந்தைக்கு வந்த பெண்கள் கூடையை இறக்கி வைத்துவிட்டு நின்றார்கள். "யாரு? யாரு போனது?" நான் காதால் கேட்க வந்தது அதுதான். அந்த வார்த்தை என் முதுகுப் பக்கமும் எதிர்ப் பக்கமும் கேட்டது. பதில் சொல்லத் திரும்பினேன். வாயைத் திறக்கிற நேரத்தில் பண்ணைக்காரர் அவசர அவசரமாக வந்தார். பக்கத்தில் எங்கோ பேசிக்கொண்டிருந்தவர், மேல் துண்டு கையில், மூச்சு வாங்கியது. முகம் வெளுத்திருந்தது.

"யாருய்யா? ரேடியோ நின்னு போச்சே. யாரு?"

நான் முன்னால் போய் நின்றேன். "எங்க நைனாங்க. உங்ககிட்ட மாடு ஓட்டினவரு."

அவர் என்னைப் பார்த்தார். நெஞ்சில் கை வைத்து ஒரு பெருமூச்சு விட்டார். வெளுத்த முகத்தில் ரத்தம் திரும்பி வந்ததை நான் கண்ணால் பார்த்தேன்.

"அவனா? அதான் காலையிலயே சொல்லிட்டாங்களே, வேட்டியெல்லாம் குடுத்தனுப்பினேனே." சுற்றி நின்றவர்களைப் பார்த்து, சிரித்துக்கொண்டே, "நான் நம்ம ஜனம் யாரோன்னு பயந்துட்டேன்யா" என்றார்.

துணிக்கடைக்காரரும் சிரித்தார். கூடைக்காரப் பெண்கள் கூடையைத் தலைக்கு ஏற்றினார்கள். ஒருவர்கூடக் கெட்ட வார்த்தை சொல்லவில்லை, ஒருவர்கூட என்னைத் தள்ளவில்லை. பயம் தெளிந்து அவரவர் வேலைக்குத் திரும்பினார்கள், அவ்வளவுதான். "உங்க மடையக் கட்டித்தாங்க செத்தாரு" என்றேன். சத்தமாகத்தான் சொன்னேன். பண்ணைக்காரர் அதைக் கேட்காத மாதிரித் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். முதலாளி மாடியைப் பார்த்து, "இன்னும் இன்னாய்யா ஏணி மேல? எறங்கு" என்றார்.

நான் நிற்கவில்லை. கடைத்தெருவைத் தாண்டுவதற்குள் பாட்டு திரும்ப வந்துவிட்டது, முதுகுக்குப் பின்னால், விட்ட இடத்திலிருந்து இல்லாமல் வேறு ஒரு பாட்டு. காலை வீசிப் போட்டு நடந்தேன். ஓடினேன் என்றே சொல்லலாம்.

வீட்டு வாசலில் நிறைய ஜனம். எங்களைப் பார்த்திருந்த குழாய் செத்துக் கிடந்தது, காலனி முழுக்க அமைதி. எங்கள் ஆட்களுக்கு முகத்தில் ஒரு பெருமை. டீச்சர் போய்ச் சொன்னதும் நிறுத்திட்டாங்க பார் என்று யாரோ யாரிடமோ சொன்னார்கள். அம்மா நைனாவின் தலைமாட்டில் இருந்தாள். என்னைப் பக்கத்தில் இழுத்து உட்கார வைத்துக்கொண்டாள்.

"ஊர்லயும் நிறுத்தினாங்களா?"

"நிறுத்தினாங்க."

"கேட்டாங்களா, யாருன்னு?"

"கேட்டாங்கம்மா. கடையெல்லாம் வுட்டு வெளியில வந்து கேட்டாங்க. பண்ணைக்காரரே ஓடியாந்தாரு."

அவள் நைனாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டு தலையை ஆட்டினாள். இன்னும் ஏதோ கேட்க வாயெடுத்தாள். அப்போது காற்று ஊர்ப் பக்கமிருந்து திரும்பியது. வாய்க்காலைத் தாண்டி, மெல்லிசாக, ஊரைப் பார்த்த குழாயின் பாட்டு வந்தது. அதைத் தொடர்ந்து சாட்சி சொல்கிற குரலில் தேயிலை விளம்பரம். அம்மா கொஞ்ச நேரம் காது கொடுத்துக் கேட்டாள். என் முகத்தைப் பார்த்தாள்.

"கேட்டு முடிச்சிட்டாங்க போல கீது" என்றாள்.

பிறகு எழுந்து, நைனாவைக் குளிப்பாட்டத் தண்ணீர் எடுத்துவரப் போனாள்.